கூட்டுப் பட்டாவில் நிற்கும் வீடு

பாழடைந்த இடங்களைத் தேடிப் போய்ப் படம் எடுக்கிற கூட்டத்தில் நானும் ஒருவன். பாளையங்கோட்டையில் இருந்து பைக்கை எடுத்துக்கொண்டு எந்தத் திசையில் கிளம்பினாலும் ஒரு மணி நேரத்துக்குள் கூரை போன வீடு, ஆள் இல்லாத கல்மண்டபம், செடி முளைத்த ரயில்வே குவார்ட்டர்ஸ் என்று ஏதாவது ஒன்று கண்ணில் பட்டுவிடும். திருநெல்வேலிச் சீமையில் இதற்குப் பஞ்சமே கிடையாது. ஊரை விட்டுப் போவதும் எங்கள் ஆட்களுக்குப் புதிதில்லை. கொழும்புக்குப் போனார்கள், பம்பாய் தாராவிக்குப் போனார்கள், மெட்ராஸில் மளிகைக் கடை வைக்கப் போனார்கள், அப்புறம் துபாய், இப்போது பெங்களூர். ஒவ்வொரு தடவையும் தெருவில் நாலு வீடு பூட்டிக்கொண்டது. பண்டிகைக்குத் திறந்த பூட்டு பிறகு கல்யாணத்துக்கு மட்டும் திறந்தது, அதற்கும் பிறகு சாவி யாரிடம் இருக்கிறது என்பதே தெரியாமல் போயிற்று.

படத்தைப் போட்டால் 'என்ன அழகு' என்று எழுதுகிறார்கள். எனக்கும் அழகாகத்தான் படுகிறது, இல்லாவிட்டால் வெயிலில் எதற்கு அலையப் போகிறேன். ஆனால் ஒன்று ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. போன மாதம் இடிந்த வீட்டை யாரும் அழகு என்பதில்லை. அதே வீடு இடிந்து ஐம்பது வருஷமாகி, சுவரில் அரசு வேர் விட்டு, பட்டாசல் என்கிற நடுக்கூடத்தில் புல் முளைத்துவிட்டால் அழகு. நடுவில் என்னதான் நடக்கிறது? பாசியும் செடியும் வந்து மூடுவதால் என்று சொல்லலாம், அது பாதிதான் சரி. என் கணக்குக் கொஞ்சம் முரட்டுக் கணக்கு: அந்த இடத்தைப் பார்த்து அழக்கூடிய கடைசி ஆளும் போய்ச் சேர்ந்த பிறகுதான் மற்றவர்களுக்கு அது அழகாகத் தெரிய ஆரம்பிக்கிறது.

கொற்கையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏரல் பக்கம், வாழையும் வயலும் குளமுமாக இருக்கிற சின்ன ஊர். போர்டைப் பார்க்காமல் போனால் பாண்டியர்களின் துறைமுகத்தைத் தாண்டிப் போய்விட்டோம் என்பதே தெரியாது. சங்கப் பாட்டில் முத்துக்குப் பேர் போன ஊர், பெரிப்ளூஸ் என்கிற பழைய கிரேக்கக் கடல்வழி நூலிலும் தாலமியின் நூலிலும் பெயர் வருகிற ஊர். 1968-69-ல் தமிழ்நாடு தொல்லியல் துறை இங்கே தோண்டியபோது கிடைத்த கரித்துண்டைச் சோதித்ததில் கி.மு. 785 என்று காலம் வந்தது. இன்றைக்குக் கடல் இங்கிருந்து ஆறேழு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. துறைமுகத்துக்கான ஒரே அடையாளம், கடலே இல்லாத ஊரில் மண்ணுக்குள் கிடக்கிற சங்கும் சிப்பியும்தான். கால்டுவெல் 19-ஆம் நூற்றாண்டிலேயே இங்கே தோண்டிப் பார்த்து, கடல் இங்கேதான் இருந்திருக்கிறது என்று எழுதி வைத்துவிட்டார்.

இதைச் செய்தது படையெடுப்போ பூகம்பமோ கிடையாது, எங்கள் தாமிரபரணிதான். பொதிகையில் இருந்து மண்ணைச் சுமந்துகொண்டு வந்து வருஷா வருஷம் முகத்துவாரத்தில் கொட்டியது. நிலம் வளர்ந்தது, கடல் பின்வாங்கியது, கப்பல் நெருங்க முடியாமல் போயிற்று. வியாபாரம் கிழக்கே காயலுக்கு நகர்ந்தது. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ வந்து பார்த்தது அந்தக் காயலைத்தான், அரபு நாட்டுக் குதிரைகள் வந்து இறங்கிய துறைமுகம். அதுவும் தூர்ந்தது, இன்றைக்குப் பழையகாயல் என்று பஸ்ஸில் போர்டு இருக்கிறது. அப்புறம் புன்னைக்காயல். 1586-ல் 'அடியார் வரலாறு' என்கிற தமிழ்ப் புத்தகம் அச்சானது அங்கேதான், அன்றைக்குத் தமிழில் அச்சடிக்கத் தெரிந்த ஊர்கள் விரல் விட்டு எண்ணக் கூடியவை. கடைசியில் எல்லாவற்றையும் தூத்துக்குடி எடுத்துக்கொண்டது. துறைமுகம் கடலைத் துரத்திக்கொண்டே போன கதை இது.

நான் சொல்ல வருவது வேறு. கொற்கையை யாரும் ஒரு நாளில் விட்டுவிட்டுப் போகவில்லை. ஏழு கிலோமீட்டரை இரண்டாயிரம் வருஷத்துக்குப் பங்கு வைத்தால் வருஷத்துக்கு மூன்றரை மீட்டர்தான் வருகிறது (ஆறு இப்படிச் சீராக வேலை பார்க்காது, ஒரு பெருவெள்ளத்தில் நூறு வருஷத்து மண்ணைக் கொட்டும், கணக்குக்காகச் சொல்கிறேன்). அப்பா வலை காயப்போட்ட இடத்தில் இருந்து மகன் முந்நூறடி கூடுதலாக நடந்திருப்பான், பேரன் இன்னும் கொஞ்சம். ஒருவன் ஆயுசில் அது 'தண்ணி உள்வாங்கிருச்சு' என்கிற பேச்சு, அவ்வளவுதான். மூட்டை கட்டி வண்டி ஏறியவன் இல்லை, வாசலில் நின்று திரும்பிப் பார்த்தவள் இல்லை. அதனால்தான் கொற்கைக் குளத்தங்கரையில் அந்தக் கிழட்டு வன்னி மரத்தடியில் உட்காரும்போது மனசு லேசாக இருக்கிறது. மரத்துக்கு இரண்டாயிரம் வயசு என்று ஊரில் சொல்வார்கள், யார் அளந்தது என்று கேட்கக் கூடாது. எவ்வளவு பெரிய இழப்பு! ஆனால் யாருடையதும் இல்லாத இழப்பு, அதனால் சுகமாக ரசிக்கலாம்.

இதை அப்படியே திருப்பிப் போட்டால் மாஞ்சோலை.

1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடம் இருந்து 8,373 ஏக்கர் மலையை பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் 99 வருஷக் குத்தகைக்கு எடுத்தது. ஜமீன் வாரிசு ஒருவர் மெட்ராஸில் ஒரு கொலை வழக்கில் மாட்டிக்கொள்ள, அந்தச் செலவில் கடன்பட்டுத்தான் மலையைக் குத்தகைக்கு விட்டார்கள் என்று இந்தப் பக்கம் எல்லாரும் சொல்லும் கதை. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று தேயிலை எஸ்டேட்டுகள் வந்தன. குத்தகை 2028-ல் முடிய வேண்டியது, ஆனால் 2024-லேயே கம்பெனி விருப்ப ஓய்வு அறிவித்துத் தொழிலாளர்களைக் கீழே இறங்கச் சொல்லிவிட்டது. நாலு தலைமுறையாக அங்கேயே பிறந்து அங்கேயே கொழுந்து கிள்ளியவர்கள். 1999 ஜூலை 23-ஆம் தேதி திருநெல்வேலியில் ஊர்வலம் வந்து, போலீஸ் தடியடியில் ஆற்றுக்குள் விரட்டப்பட்டு 17 பேர் செத்துப்போனார்களே, அது இந்த எஸ்டேட் ஆட்களின் கூலிக்காக நடந்த ஊர்வலம்தான்.

மணிமுத்தாறு செக்போஸ்ட் தாண்டி மேலே போய் வந்தவர்கள் போடுகிற படங்களைப் பார்த்திருப்பீர்கள். மேகம், வரிசையாகத் தொழிலாளர்களின் லயன் வீடுகள், கதவில்லாத வாசல், பச்சை. நானும் எடுத்திருக்கிறேன். அதில் ஒரு படம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: தேயிலைப் பூ. வெள்ளை இதழ், நடுவில் மஞ்சளாகக் கொத்துக் கொத்தாக மகரந்தம், பார்க்க ஏதோ காட்டுப் பூ மாதிரி இருக்கும், மழைத் துளியோடு மேக்ரோவில் பிரமாதமாக வந்திருந்தது. கீழே வந்து குடியேறிவிட்ட ஊத்து எஸ்டேட் அம்மா ஒருவரிடம் பேச்சுவாக்கில் அதைக் காட்டினேன். போனை வாங்கி, கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். பூவைப் பார்க்கவில்லை, பின்னால் மங்கலாகத் தெரிந்த கிளையைப் பெரிசு பண்ணிப் பார்த்தார்.

"இது கவாத்து பண்ணி எத்தன நாளாச்சோ சார். எங்க மேஸ்திரி இருந்தாருன்னா பூவ விட்டுருப்பாரா? செடி பூத்துச்சுன்னா ஆளு இல்லன்னு அர்த்தம்."

தேயிலை தன் போக்கில் வளர்ந்தால் மரமாகிவிடும் ஜாதி. கிள்ளிக் கிள்ளி, வெட்டி வெட்டித்தான் அதை இடுப்பு உயரத்தில் நிறுத்தி வைக்கிறார்கள். கை நின்றால் செடி உயரும், பூக்கும், காய்க்கும், கொஞ்ச வருஷத்தில் கையெட்டாது. அந்த அம்மாவுடைய மாமியார் கையும் அவர் கையும் பட்டுப் பட்டு அந்த உயரத்தில் நின்ற செடி அது. எனக்கு மகரந்தம் தெரிந்த இடத்தில் அவருக்கு வேலை கிடப்பது தெரிந்தது. படத்தை நான் அழிக்கவில்லை, இன்னும் போனில்தான் இருக்கிறது, நல்ல படம்தான். எங்கேயும் போடவில்லை, அவ்வளவே. இன்னும் நூறு வருஷம் கழித்து மாஞ்சோலை முழுக்கக் காடாகி, தேயிலை மரங்களுக்கு நடுவே லயன் சுவர்கள் மட்டும் நிற்கும்போது யாராவது வந்து எடுத்துக்கொள்ளட்டும். அவர்களுக்கு அது கொற்கை மாதிரி இருக்கும்.

மீனாட்சிபுரம் இந்த இரண்டுக்கும் நடுவில் வருகிறது. செக்காரக்குடி பக்கத்து மானாவாரிக் காட்டில் இருந்த ஊர். குடிக்கத் தண்ணீர் இல்லாமல் ஒவ்வொரு குடும்பமாகக் கிளம்பிப் போய், கடைசியில் ஒரே ஒரு பெரியவர் மட்டும் நான் வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள், யூடியூப்காரர்கள் வந்தார்கள், ஆளில்லாத ஊருக்கு ஆள் வந்துகொண்டே இருந்தது. 2024-ல் அவரும் காலமாகிவிட்டார். யோசித்துப் பார்த்தால் இந்தச் சீமையில் ஊர் அழிவதும் தண்ணீரால்தான், பிழைப்பதும் தண்ணீரால்தான். கொற்கையில் ஆறு மண்ணைக் கொண்டுவந்து கெடுத்தது, மீனாட்சிபுரத்தில் ஆறே இல்லை. இரண்டுக்கும் நடுவில் நேர்க்கோட்டில் அளந்தால் அதிக தூரம்கூட இருக்காது.

சரி, வீட்டுக்கு வருகிறேன். தலைப்பு வைத்துவிட்டு எங்கேயோ போய்விட்டேன்.

சேரன்மகாதேவிக்கும் கல்லிடைக்குறிச்சிக்கும் நடுவில் ஒரு ஊர், பெயர் வேண்டாம். கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் நன்றாக வாழ்ந்த தெரு. அதில் என் நண்பனுடைய தாத்தா வீடு, எங்கள் பக்கத்து அசல் அமைப்பு: திண்ணை, அதை ஒட்டின முன்கட்டான தார்சா, பட்டாசல், இரண்டாங்கட்டு, அடுக்களை, புறவாசல், மேலே மச்சு. தெருவில் இருந்து புறவாசல் வரைக்கும் ஒரே நேர்க்கோட்டில் நிலைகள். வாசலில் நின்றால் நிலைக்குள் நிலைக்குள் நிலையாகக் கடைசியில் ஒரு துண்டு பச்சை தெரியும், முருங்கையோ என்னவோ. இந்த ஒரு கோணத்துக்காகவே நான் பல தடவை போயிருக்கிறேன். மத்தியானம் சூரியன் உச்சிக்கு வரும்போது, ஓடு சரிந்த இடத்தின் வழியாக வெளிச்சம் பட்டாசலில் சதுரமாக விழும்.

இந்த வீடு ஏன் இன்னும் இடிக்கப்படாமல் நிற்கிறது தெரியுமா? பாரம்பரியத்தின் மேல் உள்ள மரியாதையால் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். கூட்டுப் பட்டா. பத்திரம் பூட்டன் பெயரில், பங்காளிகள் நாலு ஊரில், ஒருவர் வாரிசுச் சான்றிதழ் வாங்கவில்லை, ஒருவர் பாகப்பிரிவினைக்கு வழக்குப் போட்டிருக்கிறார், இன்னொருவர் எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை. எல்லாரும் ஒரே நாளில் ரிஜிஸ்தர் ஆபீஸுக்கு வந்து கையெழுத்துப் போட்டால் அடுத்த மாதம் அங்கே ஒரு கல்யாண மண்டபமோ பிளாட்டோ வந்திருக்கும். அவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருப்பதால் நான் படம் எடுக்கிறேன். கல்லிடைக்குறிச்சி, கோபாலசமுத்திரம், வீரவநல்லூர் என்று எந்தத் தெருவுக்குப் போனாலும், இடிந்தும் இடியாமலும் நிற்கிற அழகான வீடு ஒவ்வொன்றுக்கும் பின்னால் பெரும்பாலும் ஒரு சிவில் வழக்கு இருக்கிறது. பழசைக் காப்பாற்றுகிற சட்டம் எத்தனையோ இருக்கலாம், பங்காளிச் சண்டை அளவுக்குப் பலமானது எதுவும் இல்லை.

வீடு எப்படிச் சாகிறது என்பதையும் அங்கேதான் கவனித்தேன். முதலில் கூரை. ஆனி ஆடிக் காற்றில் ஒரே ஒரு ஓடு நகர்ந்தால் போதும். ஆள் இருக்கிற வீட்டில் மறுநாளே யாராவது ஏறித் தள்ளி வைத்துவிடுவார்கள். ஆள் இல்லாவிட்டால் ஐப்பசி அடைமழை அந்த ஓட்டை வழியாகச் சுவரின் தலைக்குள் இறங்கும். பழைய சுவர்களுக்கு வெளியேதான் சுண்ணாம்புக் காரை, உள்ளே பல இடங்களில் வெறும் மண்சாந்து. தலை நனைந்தால் உள்ளே கரைந்து, வெளிப்பூச்சு மட்டும் கொஞ்ச நாள் நிற்கும், பிறகு ஒரு ராத்திரி பொத்தென்று விழும். அதற்குள் மைனாவோ குயிலோ அரசம் பழத்தைத் தின்றுவிட்டு எச்சமிட்டிருக்கும். அரச வேருக்குச் சுண்ணாம்புக் காரை என்றால் கொள்ளை ஆசை, இடுக்கு கண்ட இடத்தில் நுழையும். கரையான் சின்ன மரங்களைத் தின்னும், வயிரம் பாய்ந்த பனங்கட்டையை மட்டும் விட்டுவைக்கும். இதற்கெல்லாம் முன்னால் மனிதன் வந்து கதவு, ஜன்னல், நிலை, வெண்கலக் குமிழ் எல்லாவற்றையும் பழைய மரக்கடைக்குக் கொண்டுபோயிருப்பான். அது தனிக் கதை, கோபம் வரும், விடுங்கள்.

போன தடவை தார்சாச் சுவரில் காரை பெயர்ந்த ஓரத்தில் இருந்து ஒரு சில்லைப் பெயர்த்து எடுத்தேன். கட்டைவிரல் நகம் அளவு. குறுக்கே பார்த்தால் வரி வரியாக நிறம். அடியில் மங்கிய வெள்ளை, பல பூச்சு. அதற்கு மேல் நீலம் கலந்த சுண்ணாம்பு, அந்தக் காலத்தில் வெள்ளை பளிச்சென்று தெரிய நீலம் போடுவார்கள், யாரோ கை தாராளமாகப் போட்டிருக்கிறார்கள். பிறகு மஞ்சள், ஒரு கல்யாணமாக இருக்கும். மறுபடி வெள்ளை. மேலே ரோஸ் நிற டிஸ்டெம்பர், அது வெளிநாட்டுக் காசு. அதற்கு மேல் எதுவும் இல்லை, வெறும் கரும்பாசி. வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னால் மட்டையை முக்கி அடித்த பூச்சுகள், ஒரு குடும்பம் நன்றாக இருந்த வருஷமும் கைக்கும் வாய்க்குமாக இருந்த வருஷமும் எல்லாம் ஒரு நகத்துக்குள். எதிரில் நின்று படம் எடுத்தபோது கிடைக்காத ஏதோ ஒன்று அந்தச் சில்லில் இருந்தது. அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு நிமிர்ந்தால் பக்கத்து வீட்டுப் படியில் ஒரு ஆச்சி.

"என்ன தம்பி, இடிஞ்ச வீட்டப் போயி இப்படிப் பாத்துட்டு இருக்கிய? வாங்கப் போறியளா?"

இல்லை ஆச்சி, சும்மா படம் எடுக்க வந்தேன் என்றேன். அவருக்கு முகமே மாறிவிட்டது.

"படமா? நல்லா எடுங்க. அந்தா அந்தச் செவரு விழுந்தா எங்க அடுக்களை மேலதான் விழும். மழைன்னா நாங்க தூங்குகது கெடையாது. பாம்பு வேற. அவுகளுக்கு போன் போட்டா இவுகளக் கேளுங்கிறாக, இவுகளுக்குப் போட்டா கேசு நடக்குங்கிறாக. உங்களுக்குத் தெரிஞ்சவுகதான, போயிச் சொல்லுங்க, ஒண்ணு கெட்டச் சொல்லுங்க, இல்ல இடிக்கச் சொல்லுங்க."

என் சூத்திரத்தில் ஒரு ஓட்டை இருப்பது அப்போது பிடிபட்டது. அழக்கூடிய ஆள் போனால் அழகு என்றேன் அல்லவா, பயப்படக்கூடிய ஆள் பக்கத்து வீட்டில் இருக்கும்போது என்ன செய்வது? இடிந்த வீட்டை ரசிக்க அதில் இருந்து கொஞ்சம் தள்ளி வீடு இருக்க வேண்டும். எனக்குப் பாளையங்கோட்டையில் கான்கிரீட் மாடி இருக்கிறது, ராத்திரி தூக்கம் வருகிறது. நண்பனிடம் சொன்னேன். அவன் அந்தப் பக்கச் சுவரை மட்டுமாவது இறக்கிவிடலாம் என்று தன் பங்காளிகளுக்குச் செய்தி அனுப்பினான். அதற்கும் மூன்று பேர் சம்மதிக்கவில்லை, வழக்கு நடக்கும்போது கை வைக்கக் கூடாதாம்.

எல்லா இடத்துக்கும் இந்தக் கணக்குப் பொருந்துகிறதா என்றால், பொருந்தாததும் உண்டு. கழுகுமலை வெட்டுவான் கோயிலில் யாரும் வாழவே இல்லை. 8-ஆம் நூற்றாண்டில் பாண்டியர் காலத்தில் மலையை மேலிருந்து கீழாக வெட்டிக்கொண்டே வந்தவர்கள், விமானத்தை முடித்துவிட்டு அடிப்பகுதியை அரைகுறையாக விட்டுவிட்டு உளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். எதற்காக நிறுத்தினார்கள் என்பதற்கு ஊரில் அப்பா மகன் சிற்பிகள் கதை ஒன்று சொல்வார்கள். எதுவாக இருந்தாலும், மேலே சிவனும் பார்வதியும் மிருதங்கம் வாசிக்கிற தட்சிணாமூர்த்தியும் அப்படி ஒரு உயிரோடு இருக்க, கீழே பாறை பாறையாகவே நிற்பதில் உள்ள அழகுக்கு நிகராக நான் இந்தச் சீமையில் எதையும் பார்த்ததில்லை. முடித்திருந்தால் இன்னொரு நல்ல கோயிலாக இருந்திருக்கும், அவ்வளவுதான். பாஞ்சாலங்குறிச்சி வேறு மாதிரி. அது கைவிடப்பட்ட இடமே இல்லை, 1801-ல் வெள்ளைக்காரன் தரைமட்டமாக்கி, உழுது ஆமணக்கு விதைத்தான் என்று சொல்லும் இடம். இன்றைக்குப் போனால் நிற்பது 1974-ல் கட்டின நினைவுக் கோட்டை, பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதன் முன்னால்தான் நிற்கிறார்கள். பக்கத்தில் பழைய மேடு சும்மா கிடக்கிறது. எனக்கு மேடுதான் பிடிக்கும், ஆனால் பிள்ளைகளுக்கு மேட்டில் எதைக் காட்டுவது என்பதும் நியாயமான கேள்வி.

மீட்டர் கேஜ் ஸ்டேஷன்களைப் பற்றி எழுதினால் தனிக் கட்டுரை ஆகிவிடும். தென்காசி லைனை அகலப்பாதையாக்கி 2012-ல் திறந்த பிறகு கேட்பாரற்றுப் போன ரயில்வே கட்டடங்களில், கருங்கல் சுவரும் தடித்த கதவும் கொண்ட டிக்கெட் அறைகளை இன்னும் பார்க்கலாம். குலசேகரன்பட்டினத்தில் அதற்கும் ஒரு படி மேலே. வெள்ளைக்காரன் காலத்தில் அங்கே சர்க்கரை ஆலை இருந்தது, திசையன்விளையில் இருந்து குலசைக்குத் தேரி மணலுக்கு நடுவே ஒரு குட்டி ரயில்கூட ஓடியது. ஆலையும் போயிற்று, ரயிலும் போயிற்று, பனை மட்டும் நின்றது. இப்போது அதே குலசையில் ராக்கெட் ஏவுதளம் வருகிறது, 2024 பிப்ரவரி 28-ஆம் தேதி அடிக்கல் நாட்டினார்கள். குட்டி ரயில் வந்தபோதும் இனிமேல் நம்ம ஊர் எங்கேயோ போகப் போகிறது என்றுதான் பேசியிருப்பார்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு எங்கள் சாஸ்தா கோயிலைச் சொல்லாமல் விட முடியாது. கைவிட்ட இடம் என்று நாங்கள் சொல்கிற இடங்கள் எல்லாம் உண்மையில் அப்படியா என்று எனக்குச் சந்தேகம் வருவதே அங்கேதான்.

நாங்குநேரி தாண்டி ஒரு குளத்தங்கரை. வருஷத்தில் பாதி நாள் குளத்தில் தண்ணீர் இருக்காது. சுற்றி உடைமரமும் சீமைக்கருவேலமும். கண்ணுக்கு எட்டின தூரம் வீடு கிடையாது, ஒரு காலத்தில் இருந்தது, அஸ்திவாரக் கல் வரிசை இரண்டு இடத்தில் காலில் இடறும். ஒரு கிணறு, பாதி தூர்ந்தது. எங்கள் ஆட்கள் ஏன் போனார்கள் என்பதற்கு இரண்டு கதை. காலரா வந்து பாதிப்பேர் செத்துப்போனதால் ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பினார்கள் என்று பெரிய அத்தை சொல்வார். அதெல்லாம் இல்லை, ஆற்றுப் பாசனத்தில் வாரத்துக்கு நிலம் கிடைத்தது, வயிற்றுக்காகப் போனோம் என்று மாமா சொல்வார். இரண்டும் உண்மையாக இருக்கலாம். இருந்தது ஊர், போனது ஊர், நின்றது ஒரு சாஸ்தா, பக்கத்தில் பேச்சியம்மன், கொஞ்சம் தள்ளிச் சுடலைமாடன் பீடம்.

பங்குனி உத்திரத்துக்கு அங்கே வந்து பாருங்கள். முந்தின நாள் சாயங்காலமே வேனும் காரும் வந்து உடைமரத்தடியில் நிற்க ஆரம்பித்துவிடும். பம்பாய்க்காரர்கள், கோயம்புத்தூர்க்காரர்கள், துபாயில் இருந்து லீவு போட்டு வந்தவன். திருநெல்வேலிச் சீமை முழுக்க இதே கதைதான், குளத்தங்கரையிலும் காட்டுக்குள்ளும் இருக்கிற சாஸ்தா கோயில்கள் அத்தனையும் அன்றைக்கு நிறைந்துவிடும். வேறு எந்தச் சாமியைக் கும்பிடாவிட்டாலும் அன்றைக்குச் சாஸ்தாவைப் பார்க்காமல் இருக்கக் கூடாது. ஜெனரேட்டர் சத்தம், மூன்று கல் அடுப்பில் பொங்கல், பெரியவர்கள் 'இது யாரு மவன், ஓ அவன் மவனா' என்று சொந்தம் பிரிப்பது, பிள்ளைகள் அஸ்திவாரக் கல்மேல் ஏறிக் குதிப்பது, யாராவது ஒருவர் அதே கல்லில் உட்கார்ந்து 'இதுதான்டே உன் பூட்டன் வீட்டு நடை' என்பது. போனவர்கள் சொந்தமாக வீடு வாங்கினார்கள், பெயரை மாற்றினார்கள், பேச்சை மாற்றினார்கள், இந்த ஒரு தேதியை மட்டும் விடவில்லை. மறுநாள் மத்தியானத்துக்குள் வாழையிலையும் பேப்பர் கப்பும் மிச்சமாக எல்லாரும் போய்விடுவார்கள். அந்தக் கப்புகளைப் பார்த்தால் எரிச்சல்தான் வரும், இருந்தாலும் அடுத்த வருஷமும் வருவார்கள்.

என் கேமராவுக்குப் பிடித்தது, யாரும் இல்லாத நாளில் அந்தக் கோயில். ஓடு வேய்ந்த சின்னக் கட்டடம், எண்ணெய் ஏறிக் கறுத்த கல், முன்னால் வெட்டவெளி. அதைக் கெடுக்க இந்த வருஷம் ஏற்பாடு நடக்கிறது. தலைக்கட்டு வரியைக் கூட்டியிருக்கிறார்கள், கோயிலுக்கு முன்னால் தகர ஷெட் போட்டு, தரைக்கு டைல்ஸ் ஒட்டி, ஒரு போர்வெல்லும் போடுவதற்காம். ஷெட்டும் டைல்ஸும் வேண்டாம், இருக்கிற அழகைக் கெடுக்காதீர்கள் என்று குடும்ப வாட்ஸ்அப்பில் பெரிசாக எழுதினேன். என் பெரியப்பா மகன், அவன்தான் வரவு செலவு பார்க்கிறவன், உடனே பதில் போட்டான்: வருஷத்துக்கு ஒருதரம் வந்து படம் புடிக்கிறவனுக்கு நிழல் எதுக்குலே, பங்குனி வெயில்ல உக்காந்து பொங்கல் விடுகிற பொம்பளையாட்கள்ட்ட கேளு. கேட்டேன். ஷெட் வேண்டும் என்றார்கள், கக்கூஸ் அதற்கும் முன்னால் வேண்டும் என்றார்கள், டைல்ஸ் வேண்டாம், வெயிலில் கால் பொத்துப்போகும், வழுக்கும் என்றார்கள். கூட்டத்தில் அப்படியே முடிவாயிற்று. டைல்ஸுக்கு ஒதுக்கின காசை கக்கூஸுக்கு மாற்றிவிட்டார்கள். என் பங்கு வரியை நான் கட்டிவிட்டேன். போர் போட்டால் எத்தனை அடியில் தண்ணீர் வரும் என்று பார்க்க வைகாசியில் ஆள் வருகிறார்.